பகிரப்பட்ட வரலாறும் திருத்தும் உரிமையும்

நடந்து முடிந்த ஒன்றை நடவாததாக ஆக்குதல் எவருக்கும் இயலாது. ஆயின், நடந்ததைப் பற்றிய பதிவை மாற்றுதல் பலருக்கும் இயலும். கடந்த காலத்தின் மாறாத் தன்மை பற்றி மெய்யியலாளர் நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ளனர். பதிவுகளைக் காத்தல் பற்றிய வினாவோ பெரும்பாலும் வரலாற்றாசிரியர்க்கும் சட்டவறிஞர்க்கும் உரியதென விடப்பட்டுள்ளது. அவ்வினா இன்று எதிர்பாராத ஓரிடத்தில், கணினி நிரல் எழுதுவோரின் அன்றாட வேலையில், மிகத் தெளிவான வடிவிலே எழுந்து நிற்கின்றது. பலர் சேர்ந்து எழுதும் ஒரு நிரலின் பொது வரலாற்றை அவர்களுள் ஒருவர் திருத்தியெழுதலாமா? எழுதலாமெனின் எப்பொழுது, எவருடைய இசைவோடு? எழுதலாகாதெனின் ஏன்? கலைப்பீட மாணவருக்கு இது தொலைவிலுள்ள தொழில்நுட்பச் சிக்கலாகத் தோன்றலாம். எனினும், இதன் அடியிலே கிடப்பவை உரிமை, நம்பிக்கை, உழைப்பு, மன்னிப்பு ஆகியன பற்றிய பழைய ஒழுக்கவியல் வினாக்களே. அதனைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதிவின் அமைப்பு

நிரலொன்று ஒரே நாளில் எழுதி முடிக்கப்படுவதன்று. பல மாதங்களாக, சிலவேளை பல ஆண்டுகளாக, பலர் அதனை மாற்றிக்கொண்டே இருப்பர். எந்த மாற்றத்தை எவர், எப்பொழுது, எதன் பொருட்டுச் செய்தார் என்பதைக் குறித்துவைக்கும் கருவிகள் 1970களிலேயே தோன்றிவிட்டன. 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான முறை அவற்றுள் முன்னோடியானது. இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்கும் ‘கிற்’ என்னும் கருவியை, லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் ரோவால்ட்ஸ் 2005 ஏப்ரிலில் எழுதத் தொடங்கினார். அதுவரை லினக்ஸ் நிரலாளர் பயன்படுத்திவந்த பிற்கீப்பர் என்ற வணிகக் கருவியின் இலவச உரிமம் மீளப்பெறப்பட்டமையே அதற்கு உடனடிக் காரணமாயிற்று.

கிற்றில் ஒவ்வொரு மாற்றமும் ‘கொமிற்’ எனப்படும் ஒரு பதிவாகின்றது. எழுதியவர் பெயர், நாள், நோக்கத்தை விளக்கும் குறிப்பு, அவ்வேளை நிரல் முழுவதும் இருந்த நிலை, தனக்கு முற்பட்ட பதிவு எது என்ற சுட்டு ஆகிய யாவும் அதனுள் அடங்கும். இவை அனைத்திலிருந்தும் கணித முறையாற் பெறப்படும், வழக்கமாக 40 எழுத்துகளைக் கொண்ட குறியீடொன்றே அப்பதிவின் அடையாளமாகும். பதிவினுள் ஒரு காற்புள்ளி மாறினும் அக்குறியீடு மாறிவிடும். அது மாறின், அதனைச் சுட்டி நிற்கும் அடுத்த பதிவின் குறியீடும், அதற்கடுத்ததன் குறியீடும் என இறுதிவரை அனைத்தும் மாறும். ஆகவே, பழைய பதிவொன்றை இருந்த இடத்திலேயே வைத்து எவரும் அறியாவண்ணம் திருத்துதல் எளிதன்று.

அவ்வாறாயின் வரலாற்றைத் திருத்துதல் எங்ஙனம் நிகழ்கின்றது? ‘கிளை’ எனப்படுவது, பதிவுச் சங்கிலி ஒன்றின் கடைசிக் கண்ணியைச் சுட்டும் பெயர் மாத்திரமே. திருத்த விரும்புபவர் புதியதொரு சங்கிலியை அமைத்து, பழையதைச் சுட்டி நின்ற பெயரைப் புதியதை நோக்கித் திருப்பிவிடுகின்றார். பழைய பதிவுகள் உடனே அழிவதில்லை. அவை பெயரற்றுப் போகின்றன. காலப்போக்கில் துப்புரவாக்கப்பட்டு மறைகின்றன. தம் சொந்தக் கணினியில் இதனைச் செய்ய ‘ரீபேஸ்’ முதலிய கட்டளைகள் உதவும். அதனையே எல்லாரும் பகிரும் களஞ்சியத்தின்மேற் செலுத்த முற்படின், கருவி முதலில் மறுத்துவிடும். அம்மறுப்பை மீறுதற்கு ‘போர்ஸ் புஷ்’ என்னும் வலிந்தேற்றற் கட்டளை வேண்டும். வலிமையைக் குறிக்கும் சொல்லைத் தன் கையாலே எழுதிய பின்னரே ஒருவர் பொது வரலாற்றை மாற்றுகின்றார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

தனி வரைவின் சுதந்திரம்

வரலாற்றைத் திருத்துதல் யாவும் பொய்ம்மையே எனக் கூறுவாரும் உளர். அவர் கூற்று ஆராயாமல் ஏற்கத்தக்கதன்று. ஒருவர் தம் அறையிலிருந்து கட்டுரை ஒன்றை எழுதும்போது பத்து முறை அடித்துத் திருத்துகின்றார். அவ்வடித்தல்களையும் அச்சிட வேண்டுமென எவரும் கேட்பதில்லை. நிரலாளர் ஒருவர் தம் கணினியில் மாத்திரம் உள்ள பதிவுகளை ஒழுங்கு செய்து, சிதறிக் கிடந்தவற்றை ஒன்றாக்கி, தெளிவற்ற குறிப்புகளை விளக்கமாக எழுதிப் பின்னர் வெளியிடுவாராயின், அது வாசகர்க்குச் செய்யும் உபகாரமே ஆகும். தெளிவான வரலாற்றினாற் பிற்காலத்திலும் பயனுண்டு. ஒரு பிழை எந்தப் பதிவில் நுழைந்தது என்பதை, வரலாற்றை மீண்டும் மீண்டும் இரண்டாகப் பகுத்துத் தேடும் முறை கிற்றில் உண்டு. ஆயிரம் பதிவுகளுக்குள் மறைந்த பிழையைப் பத்துச் சோதனைகளளவில் அது கண்டுபிடித்துவிடும். அதற்கு ஒவ்வொரு பதிவும் தன்னளவில் நிறைவுடையதாய் இருத்தல் நன்று.

எனவே, திருத்தம் தவறாவது அதன் உள்ளடக்கத்தினால் அன்று என்பது பெறப்படும். அதே திருத்தம், அதே கட்டளை, அதே நல்ல நோக்கம். ஒருநாள் அது ஒழுங்கு செய்தல், மறுநாள் அது பிறர் நிலத்தை அகழ்தல். இவ்விரு நாள்களுக்குமிடையில் நிகழ்ந்தது யாது? அப்பதிவின்மேற் பிறரொருவர் தம் வேலையை அமைக்கத் தொடங்கிவிட்டார். எல்லைக்கோடு அங்கேதான் விழுகின்றது.

நம்பிக்கையின் மேல் எழும் உரிமை

எடுத்துக்காட்டொன்றால் இதனை விளக்கலாம். இறுதியாண்டுச் செயற்றிட்டம் ஒன்றினை மூன்று மாணவர் சேர்ந்து செய்கின்றனர் எனக் கொள்க. பொதுக் கிளையிற் பத்துப் பதிவுகள் உள்ளன. இரண்டாமவர் பத்தாம் பதிவின்மேல் தம் வேலையை அமைத்துப் பதினொன்றாம், பன்னிரண்டாம் பதிவுகளை ஏற்றியுள்ளார். முதலாமவர் அவற்றைப் பார்க்கவில்லை. தம் எட்டாம் பதிவில் ஒரு பிழையைக் கண்டு, அதனைத் திருத்தி, ஒன்பதையும் பத்தையும் மீள அமைத்து, பொதுக் கிளையின்மேல் வலிந்து ஏற்றிவிடுகின்றார். இரண்டாமவரின் இரு பதிவுகளும் பொதுக் கிளையிலிருந்து மறைந்துவிடுகின்றன. மூன்றாமவரின் கணினியிலோ பழைய எட்டும் ஒன்பதும் பத்தும் இன்னும் இருக்கின்றன. அவர் தம் வேலையை இணைக்க முயலும்போது பழையனவும் புதியனவும் இருமுறை தோன்றும். எழும் முரண்பாடுகளைத் தீர்க்கையில், நீக்கப்பட்ட பிழை மீண்டும் உட்புகவும் கூடும். எட்டாம் பதிவு தம்முடையதே என முதலாமவர் வாதிடலாம். அதனை எழுதியவர் அவரே என்பதில் ஐயமில்லை. ஆயினும், பிறர் அதன்மேல் நிற்கத் தொடங்கிய பின்னர் அது அவருக்கு மட்டும் உரியதாய் இருந்திலது.

இங்கே ஒருவரும் வாய்திறந்து வாக்குறுதி அளிக்கவில்லையே என்ற எதிர்வினா எழலாம். டேவிட் ஹியூம் 1740இல் வெளிவந்த தமது மனித இயல்பு பற்றிய நூலின் மூன்றாம் பாகத்தில், ஒரு படகில் இருவர் துடுப்பு வலிப்பதை எடுத்துக்காட்டுகின்றார். அவர்களிடையே உடன்படிக்கை எதுவும் இல்லை. எனினும், ஒருவர் வலிப்பதை நம்பியே மற்றவர் வலிக்கின்றார். அந்நம்பிக்கையே வழக்காகி, வழக்கே கடமையாகின்றது. பொதுக் கிளையில் வேலை செய்வோர் நிலையும் இத்தகையதே. நேற்றுப் பெற்ற பதிவு இன்றும் அங்கே இருக்கும் என்ற எதிர்பார்ப்பே அவர்களது கூட்டுழைப்பின் அடித்தளமாகும்.

ஒரு செயலுக்குரிய நெறியை எல்லாருக்குமான பொதுவிதியாக விரும்ப இயலுமா எனக் கேட்கும் இம்மானுவேல் கான்ற்றின் 1785ஆம் ஆண்டுச் சோதனையையும் இங்குப் பொருத்திப் பார்க்கலாம். ‘எனக்கு வசதியானபோது பொதுக் கிளையை நான் மாற்றுவேன்’ என்ற நெறியை எல்லாரும் கைக்கொள்வாராயின், எவரும் பொதுக் கிளையை நம்பி எதனையும் அமைக்கமாட்டார். அப்பொழுது பொதுக் கிளை என்ற ஒன்றே இல்லாதொழியும். தன்னை வலிந்து திருத்துவதனாற் பயன்பெற விரும்புபவர்க்கும் திருத்துதற்கு எதுவும் எஞ்சாது.

நோக்கமும் விளைவும்

நோக்கம் நல்லதாயின் குற்றமில்லை எனக் கருதுவார் இரு நிகழ்ச்சிகளை நோக்குதல் தகும். 2013 நவம்பரில், ஜென்கின்ஸ் என்னும் திறந்தமூல மென்பொருளின் துணைநிரல்கள் இருந்த 180இற்கு மேற்பட்ட களஞ்சியங்கள், நிரலாளர் ஒருவரின் தவறுதலான வலிந்தேற்றலாற் பழைய நிலைக்குத் தள்ளப்பட்டன. அதிற் தீய நோக்கம் எதுவும் இருந்ததில்லை. எனினும், அவற்றை மீட்கப் பலர் உழைக்க வேண்டியதாயிற்று. களஞ்சியங்களை வைத்திருந்த கிற்ஹப் நிறுவனத்தின் உதவியும், பங்களித்தோர் தத்தம் கணினிகளில் வைத்திருந்த பிரதிகளும் கைகொடுத்தன.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 2003 நவம்பரில் நிகழ்ந்தது வேறுவகைப்பட்டது. லினக்ஸ் கருவின் மூலநிரல் பிற்கீப்பரிலிருந்து மற்றொரு களஞ்சியத்துக்கும் பிரதி செய்யப்பட்டு வந்தது. அப்பிரதியில் எவரோ இரண்டு வரிகளைக் களவாகப் புகுத்தினர். பார்வைக்கு அவை ஓர் எண்ணைப் பூச்சியத்தோடு ஒப்பிடுவன போலத் தோன்றின. உண்மையில், இரு சமக்குறிகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றே இடப்பட்டிருந்தது. அதனால் ஒப்பீடு நிகழாமற் பூச்சியமே அவ்வெண்ணின் இடத்தைப் பிடித்தது. அது நடைமுறைக்கு வந்திருப்பின், சாதாரணப் பயனர் ஒருவர் கணினி முழுவதன்மீதும் அதிகாரம் பெற வழியேற்பட்டிருக்கும். பிரதி மூலத்தோடு ஒத்திராமையால் அக்களவு விரைவில் அகப்பட்டது.

முன்னையது கைத்தவறு, பின்னையது வஞ்சகம். இரண்டிலும் காப்பாற்றியது ஒன்றே: நினைவு ஒரே இடத்தில், ஒருவர் கையில் இருக்கவில்லை. கணிதக் குறியீடு ‘இது அதுவன்று’ என்று மாத்திரமே சொல்லும். எது நிலைத்தற்குரியது என்பதைத் தீர்மானிப்பவர், பிரதிகளைக் கையில் வைத்து ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பேசும் மனிதரே.

அழித்தலும் சேர்த்தலும்

பிழை பொதுவாகிவிட்டால் அதனை எவ்வாறு திருத்துவது? கணக்கியலில் இதற்கு நெடுங்காலமாக ஒரு விடை உண்டு. பேரேட்டிற் பிழையாக எழுதப்பட்ட தொகையைச் சுரண்டி அழித்தல் ஆகாது. எதிர்ப்பதிவு ஒன்றை இட்டு அதனைச் சரிசெய்தல் வேண்டும். சங்கக் கூட்ட அறிக்கைக்கும் இதுவே முறை. சபை ஏற்றுக்கொள்ளுமுன் செயலாளர் தம் வரைவைத் திருத்தலாம். ஏற்றுக்கொண்ட பின்னர் அவர் பக்கத்தைக் கிழிக்கலாகாது. அடுத்த கூட்டத்தில் திருத்தம் முன்மொழியப்பட்டு, அத்திருத்தமும் பதியப்படும். கிற்றில் ‘ரிவேர்ட்’ என்னும் கட்டளை இதனையே செய்கின்றது. பழைய பதிவு நின்றவாறே நிற்க, அதன் விளைவை நீக்கும் புதிய பதிவொன்று முன்னே சேர்கின்றது. பிழையும் தெரிகின்றது, பிழை உணரப்பட்டதும் தெரிகின்றது.

இவ்விடத்தில் வலிமையான மறுப்பொன்று எழும். இளையோர் ஒருவர் செய்த சிறு தவறு அவர் பெயரோடு என்றென்றும் எல்லார் கண்முன்னும் கிடத்தல் கொடுமையன்றோ? இம்மறுப்பைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. நிரலின் ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் எவரெனக் காட்டும் கட்டளைக்குக் கிற்றில் இடப்பட்ட பெயர் ‘பிளேம்’, அதாவது, பழி. பலர் பொது வரலாற்றை மறைவாகத் திருத்த முனைவது வஞ்சனையினால் அன்று, நாணத்தினாலும் அச்சத்தினாலுமே. எங்கே தவறு கண்டவுடன் ஏளனம் செய்யப்படுகின்றதோ அங்கே தவறுகள் மறைக்கப்படும். மறைக்கப்பட்ட தவறு, வெளிப்பட்ட தவறைவிடக் கூட்டத்தாருக்குக் கூடிய கேடு விளைப்பது. ஆதலால், வரலாற்றைக் காக்கவேண்டும் என ஒருவரிடம் கேட்பவர்கள், அவ்வரலாற்றை அவர்மேல் ஆயுதமாக எடுக்கமாட்டோம் என்ற பொறுப்பையும் ஏற்றல் வேண்டும். முதலாவது கடமை இரண்டாவதில்லாமல் நீதியாகாது.

பெயரும் உழைப்பும்

பொது வரலாறு நிரலின் வரலாறு மட்டுமன்று. உழைத்தோரின் பெயர்ப்பட்டியலும் அதுவே. பல பதிவுகளை ஒன்றாக அமுக்கிச் சுருக்கும் வழக்கம் நிரலாளரிடையே உண்டு. பலர் எழுதியவற்றை ஒருவர் இவ்வாறு சுருக்கும்பொழுது, உடனுழைத்தோர் பெயரைக் குறிப்பில் தாமே சேர்க்காவிடின், அவை அனைத்தும் ஒருவர் பெயரிலேயே நின்றுவிடும். புள்ளி வழங்கும் விரிவுரையாளரோ வேலை வழங்கும் நிறுவனமோ அப்பட்டியலையே பார்க்குமாயின், அழிந்தது ஒருவரின் உழைப்புக்கு இருந்த ஒரே சான்றாகும். சிறு திருத்தங்களையும் சோதனைகளையும் செய்துவந்த அமைதியான பங்காளியே இதனால் முதலில் மறைவார்.

கையொப்பத்தைப் பொறுத்தவரையில் இது மேலும் கூர்மையடைகின்றது. லினக்ஸ் தொடர்பான உரிமை குறித்து எஸ்சிஓ நிறுவனம் 2003இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்ததன் பின்னர், 2004 முதல், லினக்ஸ் கருவுக்கு மாற்றம் அனுப்புவோர் அதனை வழங்கத் தமக்கு உரிமையுண்டு என உறுதிகூறி, ஒவ்வொரு பதிவிலும் தம் பெயரால் ஒரு வரியை இட்டு வருகின்றனர். அவ்வரியோடு கூடிய பதிவைப் பிறரொருவர் எடுத்து, உள்ளடக்கத்தை மாற்றி, அதே பெயரோடு மீண்டும் வெளியிடுவாராயின், கையொப்பமிட்டவர் தாம் காணாத ஒன்றுக்கு உறுதிகூறியவராக ஆக்கப்படுகின்றார். பிறர் நாவிற் சொல்லை வைத்தல் என்பது இதுவே. ஒருவர் தம் சொந்த, வெளியிடாத வேலையை ஒழுங்கு செய்யலாம்; பிறர் பதிவுகளை அவ்வாறு செய்தலாகாது என்று ரோவால்ட்ஸ் வற்புறுத்தியதன் நியாயமும் இதனால் விளங்கும்.

திருத்துதலே கடமையாகும் இடம்

எனின், பொது வரலாறு ஒருபோதும் தொடலாகாத புனிதப் பொருளோ? அன்று. மருத்துவமனையொன்றின் நிரலோடு நோயாளரின் பெயர்களும் நோய்களும் தவறுதலாகப் பதிவாகிவிட்டன எனக் கொள்க. எதிர்ப்பதிவு இட்டால் அவை பழைய பதிவில் தொடர்ந்தும் வாசிக்கத்தக்கனவாய் இருக்கும். இங்கே வரலாற்றைக் காத்தல், அவ்வரலாற்றை எழுதுவதிற் பங்கெதுவும் கொள்ளாத மனிதரைத் துன்புறுத்துதலாகும். தம்மைப் பற்றிய தரவை அழிக்கக் கோரும் உரிமையை, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி ஏற்றுள்ளது. இலங்கையில் நிறைவேற்றப்பட்ட 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வுரிமைக்கு இடமளிக்கின்றது.

இத்தகைய இடங்களிற் பொது வரலாற்றைத் திருத்துதல் அனுமதிக்கத்தக்கது என்பதோடமையாது கடமையுமாகும். ஆயினும், அதற்குரிய முறை வேறு. காரணம் வெளிப்படக் கூறப்படல் வேண்டும். அவ்வரலாற்றின்மேல் வேலை செய்வோர் அனைவருக்கும் முன்கூட்டியே அறிவிக்கப்படல் வேண்டும். அவர்கள் தம் வேலையைப் புதிய சங்கிலிக்கு மாற்ற அவகாசமும் உதவியும் பெறல் வேண்டும். நீக்கப்பட்டது இன்னதென விரித்துரைக்காவிடினும், இந்நாளில் இக்காரணத்தால் ஒரு நீக்கம் நிகழ்ந்தது என்ற குறிப்பு எஞ்சல் வேண்டும். கடவுச்சொல் ஒன்று வெளியாகியிருப்பின், வரலாற்றைத் திருத்துமுன் அக்கடவுச்சொல்லையே மாற்றிவிடுதல் முதற்கடன். ஏனெனில், பிறர் கையிற் சென்ற பிரதியை எந்தத் திருத்தமும் திரும்பப் பெறாது.

பூட்டும் மனச்சாட்சியும்

இக்காலத்திற் பொதுக் கிளைகளைக் கருவியே காக்கும் ஏற்பாடுகள் பெருகியுள்ளன. வலிந்தேற்றலை அறவே மறுக்குமாறு களஞ்சியத்தை அமைக்கலாம். குறித்த கிளைகளை மட்டும் பாதுகாக்கும் வசதியைக் கிற்ஹப் 2015இல் வழங்கியது. வேறொருவர் வாசித்து இசைந்தாலன்றி எதுவும் பொதுக் கிளையிற் சேராது எனவும் விதிக்கலாம். இத்தகைய பூட்டுகள் மனிதரின் ஒழுக்கத்தைப் பயனற்றதாக்கிவிடும் எனச் சிலர் அஞ்சுவர். தவறு செய்யவே இயலாதவர் நல்லவர் எனப்படுவாரோ என்பது அவர்தம் வினா.

அவ்வினாவுக்கு விடை, பூட்டை இட்டவர் எவர் என்பதைப் பொறுத்தது. களைத்துப்போன பின்னிரவில் தாம் செய்யக்கூடிய தவறைத் தெளிந்த பகற்பொழுதிலேயே கூடித் தடுத்துக்கொள்வார், தம் சுதந்திரத்தை இழந்தவராகார். அதனைப் பயன்படுத்தியவரே ஆவர். ஆனால், பூட்டு மற்றவர்க்கு மட்டுமாகி, திறவுகோல் ஒருவரிடம் மாத்திரம் இருக்குமாயின், பாதுகாக்கப்படுவது பொது வரலாறன்று. திறவுகோல் வைத்திருப்பவரின் அதிகாரமே. நிருவாகியாய் இருப்பவர் தம்மையும் அதே விதிக்குள் அடக்கி, விலக்கு வேண்டும்போது பிறரிடம் வெளிப்படையாகக் கேட்பதே பூட்டினை நீதியுடையதாக்கும். கருவி செய்யக்கூடியதற்கும் எல்லையுண்டு. தாம் கடைசியாகப் பார்த்த நிலையிலிருந்து பொதுக் கிளை மாறியிருப்பின் வலிந்தேற்றலை மறுக்கும் மென்மையான கட்டளையும் கிற்றில் உண்டு. அது பிறர் வேலை தெரியாமல் அழிவதைத் தடுக்க முயல்கின்றது. தெரிந்துகொண்டே அழிப்பதை அதனால் தடுக்க முடியாது. அங்கே பூட்டு முடிந்து மனச்சாட்சி தொடங்குகின்றது.

மேற்கூறியவற்றால், தன் வரைவைத் திருத்துதல் ஒவ்வொருவரின் சுதந்திரம் என்பதும், பிறர் நம்பி நிற்கும் பதிவைத் தனித்தும் மறைத்தும் திருத்துதல் எத்துணை நல்ல நோக்கத்தோடு செய்யப்படினும் அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்பதும் தெளிவாகும். மனிதரின் துன்பத்தை நீக்க அவ்வரலாறு மாற்றப்பட வேண்டிய வேளைகளும் உண்டு. அப்போது அது எல்லாரும் அறிய, எல்லாரும் கூடி மாற்றப்படல் வேண்டும். கூட்டாக எழுதப்படும் எதற்கும், நிரலாயினும் சங்க அறிக்கையாயினும், இது பொருந்தும். பல்கலைக்கழகத்திற் கூட்டுவேலை செய்யும் மாணவர், கருவியின் கட்டளைகளைக் கற்கும் முதல் வாரத்திலேயே தமக்குள் கூடி இவ்விதியையும் எழுதிக்கொள்வாராயின், பின்னர் எழக்கூடிய பல மனவருத்தங்கள் எழாமலே போகும்.